நிருபருக்குப் பாடம் எழுத முதல்

பயிற்சித் திட்டமிடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



வடக்கு கிழக்கில வேலை செய்யிற பிராந்திய நிருபர்களுக்கான நாலு நாள் பயிற்சியின் வரைவை எல்லாரும் வாசிச்சிருப்பீங்கள். முதல் பாடம் 'செய்தி என்றால் என்ன?' அதை எடுத்துவிடுவம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்தை வருடக்கணக்காகப் பதிவு செய்து வாறது அங்கத்தைய நிருபர்கள்தான். அவைக்கு நாங்கள் லண்டனில இருந்து அதைச் சொல்லிக் குடுக்கிறதா?

பாதுகாப்பு நாலாம் நாள், கடைசி அரை மணித்தியாலம். இது முதல் நாளே வரவேணும். நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், சொந்த வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். திசைநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2009இல் 20 வருடத் தண்டனை விதிச்சினம். குற்றச்சாட்டு, எழுதின கட்டுரைகளும் சஞ்சிகைக்குப் பணம் சேர்த்ததும். பிறகு பிணையில் வெளியே வந்தார், மன்னிப்பு அதுக்குப் பிறகுதான் கிடைச்சது. பணம் சேர்த்தது என்ற இடத்தைக் கவனியுங்கோ, ஏனென்றால் நாங்களும் பணம் அனுப்பப் போறம்.

பாடத்தை அவையின்ர கையில இருக்கிற போனிலேயே நடத்துவம், மடிக்கணினி வேண்டாம். படத்துக்குள்ள எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். போனைப் பறிச்சால் ஆற்ற பெயர், ஆற்ற இலக்கம் அதில இருக்கும்? நிருபரை விட அந்தத் தாய்க்குத்தான் முதல் ஆபத்து.

அந்தத் தாயிட்ட எப்படிக் கதைக்கிறது என்பதுக்கு வரைவில ஒரு பாடமும் இல்லை. நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் என்று அவ எல்லா இடத்திலயும் சொல்லிக் களைச்சுப்போனவ. 'கடைசியா எப்ப கண்டனீங்கள்?' என்று நிருபரும் தொடங்கினால் அது இன்னொரு விசாரணைதான். முதலே சொன்னதை வாசிச்சிட்டுப் போகலாம். பெயருக்கு ஒரு சம்மதம், படத்துக்கு வேற சம்மதம் என்று கேட்கலாம். வெளியிட முதல் அவ மனம் மாறலாம் என்றும், இணையத்தில ஏறினால் முழுசா அழிக்க ஏலாது என்றும் சொல்லவேணும். இதுக்கு ஒரு முழு நாள் குடுங்கோ. 'சமூக ஊடகத்தில் வளர்வது எப்படி' என்ற பாடத்தை வெட்டினால் நேரம் கிடைக்கும், அது ஒரு நட்டமும் இல்லை.

காசு விசயம். இவையில பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, செய்திக்கு இவ்வளவு என்றுதான். நாலு நாள் பயிற்சி என்றால் நாலு நாள் உழைப்பு போகுது. எங்கட வரவுசெலவில மண்டபம் இருக்கு, விமானச் சீட்டு இருக்கு, பங்குபற்றுறவைக்குச் சான்றிதழ் மட்டும்தான். புலம்பெயர் தளங்கள் அவையின்ர படங்களைப் பெயர் போடாமலே எடுத்துப் போடுற வழக்கமும் தெரிஞ்சதுதானே. ஒரு சீட்டைக் குறைச்சு நாட்கூலி குடுப்பம். அதை எங்கட ஆக்களின்ர சொந்தக் கணக்கில இருந்து அனுப்பக் கூடாது. அங்க பதிவு செய்த ஊடகவியலாளர் சங்கம் ஒன்றின் ஊடாக, பற்றுச்சீட்டோட போகவேணும். எந்த வழி பாதுகாப்பு என்று அவையிட்டயே கேட்பம்.

என்ர முன்மொழிவு இதுதான்: அடுத்த வரைவை அங்கத்தைய இரண்டு நிருபர்கள், அதில ஒருவராவது பெண், கூலியோட எழுதட்டும். ஆம், இல்லை என்று வியாழக்கிழமைக்கு முன்னம் பதில் போடுங்கோ.