உப்பைக் குறைச்சாப் போடுவாங்க?

நடுவர் அவர்களே! நான் என்ன பேசப் போறேன்னு தெரியாமலே மறுப்பு எழுதிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! "அம்மா, இது என் விளையாட்டு" என்று பக்கத்தில் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

கணினி விளையாட்டில் ஒவ்வொரு வித்தைக்கும் சரிசமமான இடம் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எல்லாத்தையும் சமமாக்கினா சுவை போயிடும் என்பது அவங்க கட்சி.

விளையாட்டு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லிடறேன். 2004 நவம்பரில் அமெரிக்காவில் பிளிஸ்ஸார்டு நிறுவனம் வெளியிட்டது, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஆரம்பத்தில் ஒன்பது வகைப் பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கிளை. 60-ஆவது நிலைக்கு வரும்போது உங்கள் கையில் 51 புள்ளி. எந்தக் கிளையில் அதிகம் போடறீங்களோ அதுதான் உங்க தொழில். மோல்டன் கோர் என்கிற நெருப்புக் குகைக்கு 40 பேர் வரை சேர்ந்து போகணும். சிலர் முன்னால் நின்று அடி வாங்கணும், சிலர் காயம் ஆற்றணும், மிச்சப் பேர் அடிக்கணும்.

இதில் பாலடின் என்று ஒருத்தர். காயம் ஆற்ற ஒரு கிளை, அடி தாங்க ஒரு கிளை, அடிக்க ஒரு கிளை. கையில் கேடயமும் கொடுத்தாச்சு. ஆனா அரக்கனைச் சீண்டி "என்னை அடிடா" என்று தன் பக்கம் திருப்புகிற வித்தை இருக்கே, அதை மட்டும் வாரியருக்குக் கொடுத்து இவருக்கு விட்டுட்டாங்க! 2007 விரிவாக்கத்தையொட்டித்தான் இவருக்கு அது வந்தது. அதுவரைக்கும் மாசக்கணக்கா உழைச்சு, தாங்குகிற கிளையில் புள்ளி போட்டு வந்து நின்னா, "தம்பி, நீங்க பின்னாடி போய் காயம் ஆத்துங்க." (சிரிப்பு)

சரி, மாத்திக்கலாமே? மாத்தலாம். முதல் தடவை ஒரு பொற்காசு, அடுத்து ஐந்து, ஏறி ஏறி ஐம்பது. நிழல் வித்தை கற்ற பிரீஸ்ட் நிலைமை இன்னும் மோசம். அரக்கன் உடம்பில் ஒரே நேரத்தில் ஒட்டக்கூடிய சாபங்கள் முதலில் 8, பிறகு 16. வந்திருக்கிறது 40 பேர், பந்தியில் இலை பதினாறு!

எதிரணி நண்பர் கேட்டார்: "மூணு வேலை தெரிஞ்சவரும் ஒரே வேலை தெரிஞ்சவரும் சமமா அடிச்சா, ஒரே வேலைக்காரர் கதி என்ன?" கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஐயா, சண்டை நடக்கும்போது அவர் போட்டிருக்கிறது ஒரு கவசம், செய்யறது ஒரு வேலை. மிச்ச ரெண்டு வேலையும் பைக்குள்ளே தூங்குது. நம்ம வீட்டு மருமகளுக்குப் பாட்டும் தெரியும், சமையலும் தெரியும். பாட்டுத் தெரியுமேன்னு சமைக்கிற அன்னிக்கு உப்பைக் குறைச்சாப் போடுவாங்க? (பலத்த கைதட்டல்)

2007-க்குப் பிறகு ஷாமன் கதை வந்தது. கூட்டாளிகளுக்கு வெறியேற்றும் அவரது வித்தை, தன் ஐந்து பேர் குழுவுக்கு மட்டும்தான் பலிக்கும். உடனே 25 பேர் படையில் குழுவுக்கு ஒரு ஷாமன்! யாரைக் கழட்டிவிட்டு? நேத்து வரை கூட விளையாடின நண்பனை. 2008 விரிவாக்கத்தில் அதைப் படை முழுவதுக்கும் ஆக்கினாங்க. ஒருவர் கொடுத்த வரத்தை வேறு சிலரும் கொடுக்கலாம் என்று செய்தாங்க. அதனால் ஒவ்வொருவரின் தனி வாசனை கொஞ்சம் குறைந்தது, வாஸ்தவம்தான். அந்த அளவுக்கு எதிரணிக்கு ஒரு மதிப்பெண் தரலாம், நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று.

"2019-ல் பழைய விளையாட்டையே திரும்ப வெளியிட்டபோது ஜனங்க ஓடி வந்தாங்களே" என்றார்கள். வந்தாங்க. வந்து என்ன செஞ்சாங்க? பழைய கணக்குப்படி வாரியர் அடிதான் பெரிசுன்னு படை முழுக்க வாரியரா நிரப்பினாங்க! இதிலே எங்கேங்க தனித்தன்மை? அப்புறம் 2023 நவம்பரில், அதே பழைய உலகத்தில் ஒரு புதுப் பருவம் திறந்தாங்க. மந்திரவாதி மேஜ் காயம் ஆற்றினார். ஒளிந்து குத்துகிற ரோக் முன்னால் நின்று அடி தாங்கினார். பாலடின் கையுறையில் ஒரு மந்திர எழுத்து. அதைப் பொறித்தால் சீண்டுகிற வித்தை கைக்கு வந்தது.

மணி அடிச்சுட்டீங்க. அமர்ந்துக்கறேன்.