விளையாட்டுக் கணினி: எதில் சிக்கனம், எதில் கூடாது?



பினாங்கின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்பக்கத்தில் இருக்கிறது சுங்கை பாக்காப். தோட்டங்கள் சோறு போட்ட வட்டாரம் அது. இன்று அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தொழிற்சாலைகளே பிழைப்பு.

அங்கே ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகன் எஸ்பிஎம் எழுதி முடித்திருக்கிறான். “அப்பா, கடையில் செட்டாக வாங்க வேண்டாம். பொருள்களைத் தனித்தனியே வாங்கி நானே கணினியைக் கூட்டிக் கொள்கிறேன்” என்கிறான். “விளையாடுவதற்கா தம்பி இவ்வளவு காசு?” என்று கேட்கிறார் அப்பா. கேட்டாலும் மனம் இரங்கி, போனஸ் பணத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைக்கிறார்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு பொருள் தவறிப் போனால் பணமும் போகும்; பிள்ளை மேல் அப்பா வைத்த நம்பிக்கையும் போகும்.

முதல் கேள்வி: என்ன விளையாட்டு?

பெரும்பாலான இளைஞர்கள் கடைக்குப் போனதும் விலை உயர்ந்த செயலியைத்தான் தேடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று. எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலுள்ள திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், அது வினாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். அதற்கு 150 படம் தரும் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால், அந்தக் கூடுதல் வேகத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது.

விளையாட்டுக் கணினியில் அதிகம் உழைப்பது கிராபிக்ஸ் கார்டு. ஆகவே மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, சற்றுக் கூடுதலாகவும், அதற்கு ஒதுக்கலாம். செயலி நடுத்தரமாக இருந்தால் போதும். வண்ண விளக்கு, கண்ணாடிப் பெட்டி ஆகியவை கடைசியில் மிச்சமிருந்தால் பார்த்துக் கொள்ள வேண்டியவை.

ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

செயலிக்கும் மதர்போர்டுக்கும் உள்ள உறவு சாவிக்கும் பூட்டுக்கும் உள்ள உறவு போன்றது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பலகையில் டிடிஆர்4 நினைவகம்தான் செல்லும். 2022இல் வந்த ஏஎம்5 பலகைக்கு டிடிஆர்5 வேண்டும். ஒன்றை மற்றொன்றில் செருக முடியாது. இன்டெல் பலகைகளிலோ சில தலைமுறைகளில் இருவகையும் உண்டு. பெட்டியில் உள்ள எழுத்தைப் படித்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

பழைய இருப்புப் பலகையில் புதிய செயலியைப் பொருத்தினால், பயாஸ் மென்பொருள் பழையதாக இருக்கும் காரணத்தால் கணினி எழும்பாமலே போகலாம். ‘இந்தச் செயலிக்குப் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா?’ என்று கடைக்காரரைக் கேட்பதில் வெட்கமில்லை. கார்டின் நீளமும் விசிறியின் உயரமும் பெட்டிக்குள் அடங்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

சிக்கனம் கூடாத இடம்

பணம் குறையும்போது பலர் கை வைப்பது பவர் சப்ளையில். இதுதான் பெரிய தவறு. மற்ற எல்லாப் பொருள்களுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. மட்டமான பவர் சப்ளை பழுதாகும்போது தன்னோடு விலை உயர்ந்த கார்டையும் கொண்டு போய்விடலாம்.

கணக்கு எளிது. செயலிக்கு 90 வாட், கார்டுக்கு 150 வாட், மற்றவற்றுக்கு 60 வாட் என்றால் மொத்தம் 300. நல்ல தயாரிப்பில் 550 வாட் தாராளமாகப் போதும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. முனை ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம்.

நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. மின்னல் வெட்டும்போது மின்சாரப் பிளக்கோடு இணையக் கம்பியையும் கழற்றி வைப்பது நல்லது.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எதிரியம் மின்பணம் தன் முறையை மாற்றியதும், அதை ஈட்ட இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. விசிறியின் சத்தத்தையும் வெப்பத்தையும் நேரில் அரை மணி நேரம் கவனித்த பிறகே விலை பேச வேண்டும்.

புதிய பொருளுக்கு ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பத்திரம். வழக்கு வந்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம். ரசீது இல்லாமல் அங்கே போனால் பேச்சு எடுபடுவது கடினம்.

வீட்டு வாசலில் ஒரு தொழில்

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. பழைய இன்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில் மலேசியாவைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. சுங்கை பாக்காப்புக்கு அருகிலுள்ள பத்து காவானில் மைக்ரோன் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது.

இருந்தும், உலகச் சந்தை அசைந்தால் நம் வீட்டுப் பட்ஜெட்டும் அசைகிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக் கொண்டதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில், பொது மக்களுக்கான ‘குரூசியல்’ விற்பனையை விட்டு விலகுவதாக மைக்ரோனே அறிவித்தது. ஆகவே இப்போது கூட்டுபவர்கள் 16 ஜிபியில் தொடங்கி, மேலும் செருக இடமுள்ள பலகையாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த வீட்டுக்கு மீண்டும் வருவோம். மகன் மேசையில் பொருள்களைப் பரப்பியிருக்கிறான். கையிலுள்ள நிலைமின்சாரம் போக இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு, செயலியை ஓரம் பிடித்து எடுக்கிறான். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். மூடியிலுள்ள எழுத்தைப் படிக்கிறார். “இந்த மாதிரி பொருளைத்தானே தம்பி நாங்கள் அங்கே தட்டுத் தட்டாகப் பார்க்கிறோம். இது எங்கே போய் உட்காரும், காட்டு” என்கிறார்.

பெற்றோர்களே, பிள்ளை கணினி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே பணத்தை நீட்டவும் வேண்டாம். பட்டியல் எழுதி வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஏன் இது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் தாராளமாகப் பணத்தைக் கொடுக்கலாம்.