ஆறடி பத்தங்குலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"விளையாட்டும் வாலிபரும்" என்ற பொருளில் பேசும்படி செயலாளர் அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டார். அது மிகப் பெரிய பொருள். ஆகையால் அதைச் சுருக்கி இரண்டே இரண்டு மனிதர்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் அமெரிக்கர், மற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். அவர்களுக்குள் ஒரே ஓர் ஒற்றுமை உண்டு. இருவரின் உயரமும் 208 சென்ரிமீற்றர். பழைய கணக்கில் ஆறடி பத்தங்குலம். ஐந்தடி நான்கங்குலம் உள்ள நான் இதைப் பற்றிப் பேசுவதில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கேளுங்கள்.

முதலில் கூடைப்பந்து எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லவேண்டும். நான் மிஷன் பள்ளியில் படித்தவன். அங்கே இந்த ஆட்டத்தின் கதையைப் பல முறை கேட்டிருக்கிறேன். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியொன்று இருந்தது. வெளியே பனி. உள்ளே அடைபட்ட மாணவர்கள் உடற்பயிற்சியில் சலிப்புற்றுக் கலகம் செய்யும் நிலையில் இருந்தனர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், கூடத்தைச் சுற்றியிருந்த மாடத்தின் விளிம்பில் பீச் பழக்கூடைகள் இரண்டைக் கட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டி, ஒரு உதைபந்தைக் கையில் கொடுத்தார். மாடத்தின் உயரம் பத்தடி. அந்தப் பத்தடிதான் இன்றுவரை உலகமெங்கும் வளையத்தின் உயரம். ஒரு வாலிபர் சங்கம் இரண்டு பழக்கூடைகளைக் கொண்டு உலகத்துக்கு ஒரு விளையாட்டைத் தந்தது என்பதை, இதுவும் ஒரு வாலிபர் சங்கமாகையால், நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இனி அந்த அமெரிக்கர். ஜோர்ஜ் மைக்கன் என்பது அவர் பெயர். 1924இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் பிறந்தவர். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அக்காலத்தில் கூடைப்பந்து என்றால் குட்டையான, வேகமான பையன்களின் ஆட்டம். நெடியவன் தன் காலில் தானே இடறி விழுவான் என்பதே பொதுவான அபிப்பிராயம். நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் அவரைச் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிக்காகோவில் கத்தோலிக்கக் குருமார் நடத்திய டிபோல் பல்கலைக்கழகத்தில் 1942ஆம் ஆண்டு ரே மேயர் என்ற இளம் பயிற்சியாளர் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். அவர் அந்தப் பையனின் உயரத்தைப் பார்த்தார். திருத்தமுடியாத குறை ஒன்றையும் காணவில்லை.

மேயர் செய்தவற்றைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டைக்காரரைப் போல் காற்றில் குத்த வைத்தார். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள துடியான மாணவன் ஒருவனைக் காவல் காக்கும்படி விட்டார். இவை போதாவென்று, கால்கள் இலகுவாக அசையவேண்டும் என்பதற்காக, ஒரு மாணவியைக் கொண்டு நடனமும் கற்பித்தார்! வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறி, வளையத்துக்குக் கீழே நின்று நூற்றுக்கணக்கான தடவை எறிய வைத்தார். அந்தப் பயிற்சிக்கு இன்றும் மைக்கனின் பெயர்தான்.

பலன் என்ன? 1945இல் நியூயோர்க் நகரில் நடந்த அழைப்புப் போட்டியின் அரையிறுதியில் டிபோல் 97, ரோட் ஐலண்ட் 53. அந்த 97இல் மைக்கன் ஒருவரே எடுத்தது 53. எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்த அளவை இவர் தனியே எடுத்தார். கிண்ணமும் டிபோலுக்கே வந்தது. பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக 1949 முதல் 1954 வரை ஐந்து முறை வெற்றி கண்டார். அவரைத் தடுக்க ஆட்டத்தின் விதிகளையே மாற்றவேண்டியதாயிற்று. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டக்கூடாது என்று கல்லூரி ஆட்டத்தில் விதி வந்ததற்கு அவரைப் போன்ற நெடியவர்களே காரணம். 1951இல் வளையத்தின் முன்னுள்ள பாதையின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக்கினார்கள்; நெடியவர் வளையத்தடியில் குடியிருக்கக்கூடாது என்பது நோக்கம். அவரோ பன்னிரண்டு அடிக்கு அப்பால் நின்றும் ஆடக் கற்றுக்கொண்டார். 2005இல் காலமானார்.

இது அமெரிக்கக் கதை. இதில் நமக்கு என்ன என்று பின்வரிசையிலுள்ள ஐயா ஒருவர் பார்க்கிறார். வருகிறேன், ஐயா.

கூடைப்பந்து இங்கிலாந்துக்குச் சென்று, பெண்கள் நீண்ட பாவாடையோடு ஆடுவதற்கேற்ப மாறி, வலைப்பந்தாட்டம் ஆனது. வளையத்தின் உயரம் அதே பத்தடி. ஆனால் பின்பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடமுடியாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிடவேண்டும். எழுவரில் இருவருக்கு மட்டுமே வளையத்துக்கு எறியும் உரிமை. அதுவும் அரைவட்டத்துக்குள் நின்றுதான். தடுப்பவள் மூன்றடி விலகி நிற்கவேண்டும். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த இவ்விதிகளை ஒன்றாக்குவதற்காக 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்களே, அவர்கள் எங்கே கூடினார்கள் தெரியுமா? இலண்டனில் அல்ல, இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது ஆடிய 11 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அப்படிப்பட்ட பழைய உறவு நமக்கு இந்த ஆட்டத்தோடு உண்டு. நம் மலையகத்துப் பள்ளிகள் பலவற்றிலும் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள். பள்ளியை விட்டபின் ஆடுகிறார்களா என்பதே என் கேள்வி.

யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையில் 1979இல் பிறந்தவர் தர்ஜினி சிவலிங்கம். போர் நடந்த ஆண்டுகளில் அங்கே வளர்ந்த பெண். மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வி பெற்றவர். இலங்கை அணியில் சேர்ந்தார். உலகிலேயே மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று அவரைச் சொல்கிறார்கள். அவருடைய உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை! மூன்றடி விலகி நிற்கும் எதிரி எட்டித் தடுக்க அங்கே என்ன இருக்கிறது?

2009இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் என்ற கழகத்துக்காகவும் ஆடினார். 2009க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வரவில்லை. 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில், அந்நாட்டு மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே, இலங்கை 69, சிங்கப்பூர் 50. அப்போது தர்ஜினிக்கு வயது 39. நம்மூரில் 39 வயதுப் பெண்ணை ஓடச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதைத் தாய்மார்களே அறிவார்கள்.

மறு ஆண்டு, 2019இல், லிவர்பூலில் உலகக் கிண்ணம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். 16 நாடுகள் ஆடின. இலங்கை 15ஆம் இடத்துக்கு வந்தது. பத்திரிகையில் புள்ளி அட்டவணையை மாத்திரம் பார்ப்பவர் அதோடு பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் எந்த நாட்டுப் பெண்ணையும்விட அதிகமாகக் கோல் போட்டவர் யார்? அவுஸ்திரேலியப் பெண்ணா, நியூசிலாந்துப் பெண்ணா? இல்லை. பதினைந்தாம் இடத்து அணியின் தர்ஜினி, 348 கோல்கள். சிங்கப்பூரை 88க்கு 50 என்று வென்ற ஆட்டத்தில் அந்த 88இல் மிகப் பெரும்பாலானவை அவர் கையால் விழுந்தவை.

"உயரம் இருந்தால் யாரும் போடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. மைக்கனையும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. உயரம் மாத்திரம் போதுமென்றால் சவுக்கு மரம் கோல் போடும். இரண்டு மூன்று பேர் முன்னும் பின்னும் நெருக்க, இழுபட்டு, கால் பிறழாமல், உயரத்தில் வரும் பந்தைக் கையில் அடக்கி, மூன்று விநாடிக்குள் எறியவேண்டும். பலகையில் பட்டு விழும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை இதைப் பிழையின்றிச் செய்வது மரத்துக்கு வராது. இன்னொரு குற்றச்சாட்டில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒருவரையே நம்பி ஆடும் அணி, அவருக்குப் பந்து போகும் வழியை அடைத்துவிட்டால் திகைத்துப்போகும். பலம் வாய்ந்த நாடுகள் அப்படித்தான் இலங்கையை மடக்கின. அது தர்ஜினியின் குறையன்று. அவரைச் சுற்றி இன்னும் பலரை நாடு வளர்க்காத குறை.

பந்து போகும் வழி என்றேன். அந்த வழியைச் சமைத்தவர்கள் யார்? 2018இல் அணித்தலைவி சதுரங்கி ஜயசூரிய. சிங்களப் பெண்கள் மைதானத்தின் நடுவிலிருந்து உயர எறிந்த பந்தைத் தமிழ்ப் பெண் எட்டிப் பிடித்தாள். எறிந்தவளுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் அவ்வளவு உயரத்தில் எறியமாட்டாள். மேடைகளில் நாம் பேசும் ஒற்றுமையைவிட எனக்கு அந்தப் பந்துகள் பிடிக்கின்றன. 2022 செப்ரெம்பர் 11ஆம் திகதியும் அப்படியொரு நாள். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மாதக்கணக்காக வரிசையில் நின்ற ஆண்டு அது. அன்று துபாயில் நம் கிரிக்கெற் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நாளில் சிங்கப்பூரில் நம் பெண்கள் 63க்கு 53 என்று வலைப்பந்து ஆசியக் கிண்ணத்தை ஆறாவது முறையாக வென்றார்கள். இங்கே எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? கை உயர்த்தச் சொல்லவில்லை. எனக்கே மறுநாள்தான் தெரியும்.

இப்போது வீட்டுக் கதை ஒன்று. சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன், சொல் என்றாள். என் அக்கா ஐந்தடி பத்தங்குலம். பதினான்கு வயதிலேயே அப்பாவைத் தாண்டிவிட்டாள். பள்ளி வலைப்பந்து அணியில் கோல் சூட்டர். லயத்துப் பையன்கள் "சவுக்கு வருது" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவளுடைய தம்பியான நானே. ஆயா, "இன்னும் குதிச்சா இன்னும் வளருவா, யாரு கட்டுவா?" என்று ஒரு நாள் அழுதார். அதோடு அவள் சப்பாத்து பரணுக்குப் போனது. அதன்பின் அவள் கொஞ்சம் குனிந்து நடக்கத் தொடங்கினாள். இப்போதும் அப்படியே நடக்கிறாள். ஆயாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது ஊர். அந்த ஊரில் நாம் எல்லோரும் அடக்கம். கோவிலில் கோபுரம் உயர்ந்தால் கைகூப்புகிறோம், வீட்டில் பெண் உயர்ந்தால் கைபிசைகிறோம். மேயரைப் போல ஒருவர் அப்போது எங்கள் தோட்டத்தில் இருந்திருந்தால் என்று நினைப்பதுண்டு. இருக்கவில்லை.

சென்ற விளையாட்டு விழாவின் நிகழ்ச்சிநிரலை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஆண்களுக்குப் பதினொரு நிகழ்ச்சிகள். பெண்களுக்குச் சங்கீதக் கதிரை, தேசிக்காய் ஓட்டம், கோலம். கோலம் அழகானதே, ஆனால் அதற்கு யாரும் சப்பாத்துக் கட்டுவதில்லை.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு வலைப்பந்து மைதானத்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் தேவை. மலையில் அவ்வளவு மட்டமான நிலம் எங்கே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு தம்பிமாரும் பிரட்டுக்களத்தைக் கயிறு பிடித்து அளந்தோம். நீளம் போதும். அகலத்தில் கான் ஓரமாக ஏறக்குறைய ஒரு மீற்றர் குறைகிறது. கானுக்கு மேல் பலகை போடலாமா, அல்லது கோட்டையே கொஞ்சம் உள்ளே இழுக்கலாமா என்பதைப் பெரியவர்கள் சொல்லவேண்டும். வளையத்தின் விட்டம் 380 மில்லிமீற்றர். தொழிற்சாலைப் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்துத் தருவதாக ஒரு மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். கம்பம் இரண்டு வேண்டும். தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். தலைவரும் செயலாளரும் கையெழுத்திடும் இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பழக்கிவிட அக்கா சம்மதித்திருக்கிறாள். பழைய சப்பாத்து இப்போது அளவில்லையாம். அதை நான் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.