அவள் நேரம் யார் கணக்கில்?

கட்டுரைகளோடு வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர்களையும், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், கண்ணகி நகர்ப் பகுதிகளிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வீட்டுப் பணியாளர்களையும் அன்போடு வரவேற்கிறேன். பெண்களின் அன்றாடத்தில் சமத்துவமின்மை என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். இதைச் சென்னை மந்தைவெளியில் வைத்துப் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த மண்டபத்திலிருந்து ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே போய், திரு.வி.க. பாலத்தைக் கடந்தால் அடையாறு. 1917இல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியது அங்கேதான். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1921இல் சென்னை மாகாணம். சொத்து இருந்தவர்களுக்கு மட்டும் என்ற வரம்போடுதான் அது வந்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரும் ஆனார். பத்தாண்டு கழித்து, 1937இல், மயிலாப்பூரில் துர்காபாய் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கினார். இன்று பாலத்துக்குப் போகும் சாலையே அவர் பெயரில் இருக்கிறது. சங்கமும் சபாவும் இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் பிறந்தவை.

நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றின் நடுவில்தான் இங்குள்ள அடுக்ககங்களில் காலை ஐந்து மணிக்கு முதல் விளக்கு எரிகிறது. எரிவது சமையலறையில். ஏற்றுகிறவள் பெரும்பாலும் பெண். கணவனும் மனைவியும் வங்கியில் ஒரே பதவியில் இருந்து ஒரே ஆண்டில் ஓய்வு பெற்ற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவருக்கு ஓய்வு கிடைத்தது. அவளுக்கு அலுவலகம் மட்டும் நின்றது. டிகாக்‌ஷன் இறக்குவது, மாமியாரின் மாத்திரை, பேரனின் டிபன் பாக்ஸ், தண்ணீர் லாரிக்குப் போன் செய்வது எல்லாம் முன்போலவே அவள் தலையில். இதை அந்த வீட்டில் யாரும் கொடுமை என்று நினைப்பதில்லை, அவளும் நினைப்பதில்லை. அதனால்தான் இதை ஆராய்வது கடினமாக இருக்கிறது. அடி விழுந்தால் புகார் எழுதலாம். ஐந்து மணிக்கு எழுந்ததற்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது?

நேரத்தை அளந்து பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழித்தாள், ஆண் 97 நிமிடம். இது வேலையில் கைவைத்தவர்களின் சராசரி மட்டுமே. அப்படிக் கைவைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணின் கணக்கிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பது கண்ணில் படுகிறது. அவளுக்கு மிச்சமான நிமிடங்களை ஆண் ஏற்றுக்கொண்டதாக இதில் தடயம் இல்லை. மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் ஆணின் பங்கைக் கூட்டவில்லை என்பதே நான் இதில் காணும் செய்தி.

நீதிமன்றங்கள் இந்த உழைப்பைக் காணாமல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றமும் அந்த வழியில் சென்று, வீட்டு வேலை செய்யும் பெண்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து வேலை செய்யாதோர் வரிசையில் வைத்ததைக் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், இங்கே குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. இவை அருமையான தீர்ப்புகள். ஆனால் இவை எப்போது வந்தன என்று பாருங்கள். லாரி மோதி அவள் இறந்த பிறகு, அல்லது உறவு முறிந்து வழக்கு நடக்கும்போது. சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் உயிரோடு இருக்கும் பெண்ணின் உழைப்புக்கு விலை கேட்க எந்த வழக்கும் வருவதில்லை.

அந்த வகையில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நான் மதிக்கிறேன். உயிரோடிருக்கும் பெண்ணின் பெயரில், அவள் கணக்கிலேயே, மாதம் 1000 ரூபாய் என்று அது தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பெற்றார்கள். அதைப் பிச்சை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தை 289 நிமிடத்தோடு வைத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. அதே வேலையை அடுத்த வீட்டில் செய்பவருக்குத் தமிழ்நாடு அரசு 2018இல் அறிவித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 37 ரூபாய்.

அடுத்த வீட்டில் செய்பவர் என்றேன். என் மனத்தில் அதிகம் இருப்பது அவர்தான். மந்தைவெளிப் பெண் வேலைக்குப் போனதும், படித்ததும், என்னைப் போல மேடையேறியதும் யார் தோளில்? பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்கித் துடைக்க, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிற இன்னொரு பெண்ணின் தோளில். 2022 மே மாதம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாயோர வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்பே கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடு போனது, வேலை இங்கேயே நின்றது. விடிவதற்கு முன் குடத்தில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, மந்தைவெளியில் வந்து இறங்குகிறார்கள். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றானதும் அவர்கள் கையில் கொஞ்சம் காசு நின்றது. பயண நேரம் மட்டும் குறையவில்லை.

வந்து ஏறும் வீடுகளில் என்ன நடக்கிறது? சில சமையலறைகளின் ஜன்னல் விளிம்பில், தேய்க்கும் நாருக்குப் பக்கத்தில், தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்திருக்கும். அது அவருக்கான காபி டம்ளர். குளியலறையைக் கழுவுவார், அதைப் பயன்படுத்தக் கூடாது. நான்கு வீடு முடிக்கும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனை வரிசையில் நிற்பார். தியாகராய நகர்க் கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்கள் உட்பட எல்லாக் கடைப் பணியாளர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. வீட்டுக்குள் அப்படி ஒரு சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. டம்ளரைத் தனியே வைப்பது சாதி. அதை வைக்கும் கையும் பெண்ணின் கைதான். இதைப் பேசாத பெண்ணியம் பாதிப் பெண்ணியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய வரலாறு ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துச் சட்டசபையில் போராடியபோது, சென்னை தேவதாசிகள் சங்கமாகக் கூடி எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்ப்புப் பக்கம் நின்றார். அதே பின்னணியிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்று ஊர் ஊராகப் பேசினார். 1947இல் சட்டம் வந்தது, வந்தது நல்லதே. ஆனால் முத்துலட்சுமி போராடிய அன்றைய சபையில் பேசும் உரிமை பெற்றிருந்த ஒரே பெண் அவர்தான். யாருடைய வாழ்வு விவாதிக்கப்பட்டதோ அவர்கள் வெளியே மனுவோடு நின்றார்கள். தமிழகப் பெண்ணிய வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் காட்சி அதுதான். வீட்டுப் பணியாளர்களைப் பற்றி நாம் வாசிக்கப் போகும் கட்டுரைகளிலும் அது திரும்ப நிகழலாம்.

ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி நேர்காணலுக்குப் போகும்போது ‘உங்களுக்குச் சம உரிமை இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யார் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டீர்கள், உட்கார்ந்தது எப்போது, உங்களுக்கென்று இருந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வேலை கொடுக்கும் பெண்ணிடமும் வேலைக்கு வரும் பெண்ணிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்த வீட்டு ஆண்களிடமும் கேளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை, வந்திருக்கும் வீட்டுப் பணியாளர்கள் பேசுகிறார்கள். தலைப்பை அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைய கூலியைக் கருத்தரங்கு தருகிறது. நான்கு மணிக்கு அவர்கள் மாலை வேலைக்குத் திரும்ப வேண்டும், ஆகவே நன்றியுரைகளையும் பொன்னாடைகளையும் நாளைக்கு ஒத்தி வைக்கிறேன். கருத்தரங்கு தொடங்குகிறது. முதலில் பேசும் அம்மா மேடைக்கு வாருங்கள்.