கடல் கடந்த வீடு

டில்லியில் நம் அண்டை வீட்டில் வசிக்கும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலையில் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் லண்டன் நகரில் மாடிக் குடியிருப்பு ஒன்று வாங்க விரும்புகிறான். விலை 3,00,000 பவுன். முதலில் கட்டவேண்டிய தொகைக்காகக் கும்பகோணத்தில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்று அனுப்பலாமா என்பது அன்பரின் கேள்வி. மத்திய சர்க்கார் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. ஆயினும் மகன் அனுப்பியிருந்த தாள்களில் கண்ட சொற்கள் அவருக்கும் புதியவை, நமக்கும் புதியவை. இருவரும் உட்கார்ந்து படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் நிலையில் இருக்கும் பெற்றோர் இன்று இந்நாட்டில் பலர் அல்லரோ?

பணம் அனுப்புவதில் பெருந்தடை இல்லை. ரிசர்வ் வங்கி 2004-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தில் ஒருவர் அனுப்பக்கூடிய தொகை தொடக்கத்தில் 25,000 டாலராக இருந்தது. இப்போது நிதியாண்டு ஒன்றுக்கு 2,50,000 டாலர். அயல்நாட்டில் வீடு வாங்குவதும், உறவினருக்கு நன்கொடை அளிப்பதும் அதில் அடங்கும்.

வாங்கும் முறைதான் வேறு. நம் ஊரில் முன்பணம் கைமாறினால் விற்பவரும் வாங்குபவரும் ஒருவாறு கட்டுண்டு விடுகிறார்கள். இங்கிலாந்தில் விலை பேசி முடித்த பின்னரும் எவரும் கட்டுப்பட்டவர் அல்லர். இரு தரத்து வழக்கறிஞர்களும் ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் நாளில்தான், வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டியதும், பேச்சு உறுதியாகிறது. இடையில் வேறொருவர் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால், விற்பவர் அவர் பக்கம் சாயலாம். வழக்கறிஞருக்கும் கட்டடத்தைச் சோதித்தவருக்கும் கொடுத்த கூலி போனது போனதுதான். ஆனால் ஒன்று: தாய்ப் பத்திரம், வில்லங்கம் என்று நாம் படும் பாடு அங்கே இல்லை. நம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, உரிமைக்கு உறுதி கூறுவதில்லை. 1862-இல் தோன்றிய அவர்களது நிலப் பதிவகமோ உரிமைக்கே பொறுப்பேற்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் எந்த வீட்டுக்கு எவர் உரிமையாளர் என்பதை யாரும் பார்க்கலாம். இதைப் படித்ததும் அன்பர், கும்பகோணத்துக்கு இப்படி ஒன்று வந்தால் பாதி வக்கீல்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார்.

அடுத்த தாளில்தான் இடறினோம். மகன் வாங்குவது வீடு அன்று, குத்தகை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இவ்வாறே விற்கப்படுகின்றன. நிலமும் கட்டடமும் வேறொருவருக்கு உரியவை. வாங்குபவர் பெறுவது 99 அல்லது 125 ஆண்டு, சில வேளை 999 ஆண்டு அனுபவிக்கும் உரிமை. டில்லியில் வளர்ச்சி ஆணையத்தின் வீடுகளில் குடியிருப்போர்க்குக் குத்தகை என்ற சொல் பழகியதே. எனினும் அங்கே ஆண்டுகள் உருகிக்கொண்டே வருகின்றன. மகன் பார்த்த குடியிருப்பில் எஞ்சியிருந்தவை 76 ஆண்டுகள். அது போதாதா என்று தோன்றும். போதாது. குத்தகை குறையக் குறையக் கடன் கொடுப்போர் தயங்குவர். பின்னர் விற்பதும் கடினம். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் விலை கொடுத்து 90 ஆண்டு கூட்டிக்கொள்ளும் உரிமையை அளித்தது. ஆனால் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த விலை ஏறும்படியாகவும் அது அமைந்தது. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை நீக்கவும், நீட்டிப்பை 990 ஆண்டாக்கவும் வகை செய்கிறது. எனினும் அதன் பிரிவுகள் யாவும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. வாங்கும் நாளில் எப்பிரிவு நடப்பில் உள்ளது என்று வழக்கறிஞரைக் கேட்டே ஆகவேண்டும்.

குத்தகைக்காரர் நிலத்துக்கு ஆண்டு வாடகையும் தருவது வழக்கம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் வாடகையை எழுதிவைத்துப் பலரை அழவைத்த நிலக்காரர்களும் உண்டு. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய குத்தகைகளில், சில விலக்குகள் நீங்கலாக, வாடகை ஒரே ஒரு மிளகு. விளையாட்டன்று, சட்டத்தின் சொல்லே அது. ஒன்றுமில்லை என்பதற்கு அவர்கள் மொழியில் மிளகு என்று பெயர். ஒரு காலத்தில் மலையாளக் கரைக்குக் கப்பல் கப்பலாக வந்து அவர்கள் பொன்னைக் கொட்டி வாங்கியதும் அந்த மிளகைத்தான்!

இனி அன்பரின் மனத்தை வருத்திய செய்தி. பத்திரத்தில் மகன் பெயரோடு தம் பெயரும் இருக்கவேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். தந்தையார் கட்டிய வீட்டை விற்றுக் கொடுப்பவர் அவ்வளவு கூட விரும்பக்கூடாதா? நாம் கணக்குப் போட்டோம். முதன்முறையாக வீடு வாங்கும் மகன் தனியே வாங்கினால், 3,00,000 பவுன் வரை முத்திரை வரி இல்லை. தந்தையும் சேர்ந்தால் அச்சலுகை போய்விடும்; வரி 5,000 பவுன். வேறு வீடு உடையவருக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதல். அந்த வேறு வீடு உலகில் எங்கிருந்தாலும் கணக்கில் சேரும், அன்பர் குடியிருக்கும் டில்லி வீடும் சேரும். அந்நாட்டில் வசியாதவருக்கு நூற்றுக்கு இரண்டு மேலும். ஆகமொத்தம் 26,000 பவுன். அன்பர் நம் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகவே இருந்தது.

அத்தோடும் முடியவில்லை. கடன் கொடுக்கும் வங்கி தந்தையிடம் ஒரு கடிதம் கேட்டது: இது நன்கொடை, திருப்பித் தரவேண்டியதன்று, அவ்வீட்டில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று கையொப்பமிட்டுத் தரவேண்டும். அக்கடிதம் ஒரு வாரம் அவர் மேசைமேல் கிடந்தது. அவருடைய மனைவியார்தாம் ஒருநாள், "நம் பெயர் எங்கே இருந்தால் என்ன? பிள்ளை அங்கேதானே இருக்கிறான்" என்றாராம். இதைச் சொல்லும்போது அன்பர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த 76 ஆண்டுக் குடியிருப்பை மகன் விட்டுவிட்டான். சற்றுச் சிறியதாயினும் குத்தகை 120 ஆண்டுக்கு மேல் எஞ்சியிருக்கும் வேறொன்றைப் பார்த்திருக்கிறான். கடிதத்தில் அன்பர் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். கும்பகோணத்து வீட்டை வாங்க வந்திருப்பவர் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று கேட்கிறார். அதற்கு மனுப் போட்டிருக்கிறோம்.