"செட் ஆகல" என்ற சொல்லும் நம் கல்லூரிகளும்



ஐயா விடுதிக் காப்பாளராக இருந்தவர். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், பிள்ளைகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவார். சீட்டு கிடைத்ததோடு அவர் வேலை முடியாது. மூன்று மாதம் கழித்து அதே கல்லூரிக்குப் போய், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். சேர்க்கைக்காக நம் இயக்கங்கள் நிறையப் போராடியிருக்கின்றன. சேர்ந்த பிள்ளை அந்த வளாகத்தில் எப்படி இருக்கிறது என்பதைக் குறைவாகவே கேட்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக் காலனியிலிருந்து ஒரு பெண்ணுக்கு, வெளி மாநிலத்தில் உள்ள ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வகுப்புக்குச் சில பேர்தான். எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டும். வரலாறும் கணிதமும் இசையும் சேர்த்துப் படிக்கலாம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. ஊரே போய் பஸ் ஏற்றிவிட்டோம். முதல் பருவ விடுமுறைக்கு வந்தவள், "அக்கா, எனக்கு அங்க செட் ஆகலக்கா" என்றாள்.

யாராவது சாதி சொல்லித் திட்டினார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்களாம். ஆனால் முதல் கேள்வி "எந்த ஸ்கூல்?" என்பதாக இருந்தது. அரசுப் பள்ளி என்றதும் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். வகுப்பில் விவாதம் நடக்கும்போது, ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதில் கூட்டி முடிப்பதற்குள் விவாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். சனிக்கிழமை எல்லோரும் வெளியே சாப்பிடப் போவார்கள். இவள் தலைவலி என்று அறையில் படுத்துக்கொள்வாள். உதவித்தொகை கட்டணத்தைக் கட்டியது. சனிக்கிழமைகளை அது கட்டவில்லை.

நான் சமூகவியல் முதுகலை படித்தவள். என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பழகிடும்" என்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டதையே அவளுக்கும் சொன்னேன். நான் படித்த கல்லூரியில், உதவித்தொகைப் படிவம் வந்தால் ஊழியர் வகுப்பு வாசலில் நின்று, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து வாங்க" என்பார். அறுபது பேர் பார்க்க நாங்கள் எழுந்து நடப்போம். நானும் பழகிக்கொண்டேன். அது காயத்தின் மேல் தோல் மூடிக்கொண்டதே தவிர, ஆறியதல்ல.

அப்படியானால் நம் ஊர் அரசுக் கல்லூரி நமக்கு 'செட்' ஆகிறதா? அங்கே ஆங்கிலம் யாரையும் மிரட்டுவதில்லை. கட்டணம் கையைக் கடிப்பதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவளும் முதல் தலைமுறைதான். ஆனால் அங்கே கேள்வி வேறு: "எந்த ஊரு?" பெயரைச் சொன்னதும் அடுத்தது: "ஊரா, காலனியா?" நீங்கள் எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறீர்கள் என்பதே உங்கள் சாதிச் சான்றிதழ். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு எரிந்த பிறகு, அதே பஸ்ஸில் ஏறி, அதே வகுப்பில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் படித்தார்கள். அந்தத் துணிவுக்கு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் பதக்கம் கிடையாது.

ஒரு வளாகம் "எந்த ஸ்கூல்?" என்கிறது. இன்னொன்று "ஊரா, காலனியா?" என்கிறது. இரண்டும் ஒரே கேள்விதான். முதலாவது சாதியின் பெயரை உச்சரிக்காமலே கேட்டுவிடுகிறது. அதனால் அதன் மேல் புகார் எழுதுவதும் கடினம்.

இந்தக் கேள்வியோடு அண்ணலிடம் போவோம். 1913 முதல் 1916 வரை அவர் கொலம்பியாவில் படித்தார். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வாழ்க்கையை அங்கே கண்டார். 1917இல் பரோடா திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். இரண்டையும் அனுபவித்த மனிதர் பிறகு கல்லூரி கட்டினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. பகலில் வேலைக்குப் போகும் மாணவர்களுக்காக அங்கே காலை வகுப்புகள் நடந்தன. "நீ எந்தப் பள்ளி?" என்று கேட்காமல், "நீ எத்தனை மணிக்கு வேலைக்குப் போகணும்?" என்று கேட்ட கல்லூரி அது. மாணவன் கல்லூரிக்குப் பொருந்துகிறானா என்ற கேள்வியை அவர் புரட்டிப்போட்டார்.

1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி வந்தது. பின்தங்கிய மராத்வாடா கிராமங்களிலிருந்து நம் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். எம்.என். வான்கடே முதல்வராக இருந்தது அங்கேதான். கங்காதர் பாந்தவணே ஆசிரியராக இருந்து, 1960களின் பிற்பகுதியில் 'அஸ்மிதா' இதழைத் தொடங்கியதும் அங்கேதான். பிறகு 'அஸ்மிதாதர்ஷ்' ஆன அந்த இதழில்தான் மராத்தி தலித் இலக்கியத்தின் ஒரு தலைமுறை எழுதிப் பழகியது. நாம் இங்கே இலக்கிய மன்றம் நடத்துகிறோம் என்றால், அதன் வேர்களில் ஒன்று ஒரு கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கூச்சமில்லாமல் உட்கார இடம் கிடைத்த பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள்.

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் முதலில் படித்தது ஃபிஸ்க் என்ற கறுப்பினக் கல்லூரியில். 1888இல் அங்கே பட்டம் பெற்ற பிறகுதான் ஹார்வர்டு போனார். தன் மக்களின் வளாகத்தில் நின்று பழகிய கால்களோடு அந்நிய வளாகத்துக்குள் நுழைந்தார். சித்தார்த்தா கல்லூரி தொடங்கிய அதே 1946இல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிலைமை இன்று எப்படி? டெல்லி எய்ம்ஸ் விடுதியில் நம் மாணவர்கள் தனித் தளங்களுக்கு ஒதுக்கப்பட்டதை 2007இல் தோரட் குழு எழுதிவைத்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்று விதி செய்தது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை ஹைதராபாத்தில் இழந்தோம். தனியார் நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர 2005ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் வழி திறந்தது. ஆனால் 2006இல் வந்த மத்தியச் சட்டம் மத்திய அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. அதனால் இந்தப் புதிய தனியார் வளாகங்களில் நாம் உரிமையாக நுழைவதில்லை. உதவித்தொகை பெறும் விருந்தாளியாக நுழைகிறோம். விருந்தாளிதான் அனுசரித்துப் போக வேண்டியிருக்கிறது.

தம்பி தங்கைகளே, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் சேருவதற்கு முன் நீங்கள் கேள்வி கேளுங்கள். நம் ஆட்கள் இதற்கு முன் அங்கே படித்தார்களா? படித்து முடித்தார்களா, பாதியில் வந்தார்களா? ஆசிரியர்களில் நம்மவர் எத்தனை பேர்? உதவித்தொகை கட்டணத்தோடு நிற்கிறதா, சாப்பாடு, பயணம், புத்தகம் வரை வருகிறதா? அரசு உதவித்தொகை தாமதமானால் தேர்வு எழுத விடுவார்களா? சமவாய்ப்பு மையம் எந்த அறையில் இருக்கிறது, அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? அம்பேத்கர் பெயரில் வாசகர் வட்டம் தொடங்கினால் என்ன சொல்வார்கள்? இதே கேள்விகளை நம் அரசுக் கல்லூரியிடமும் கேளுங்கள்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐயாவின் அந்த இரண்டாவது பயணத்தை நாம் தொடர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இரண்டு பேர் பஸ் ஏறி, வெளியூரில் சேர்ந்த பிள்ளைகளைப் போய்ப் பார்த்து வரவேண்டும். பஸ் கட்டணமும் ஒரு நாள் விடுப்பும்தான் செலவு.

அந்தப் பெண் திரும்பிப் போகவில்லை. இங்கே அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். இன்று இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள், வர முடியவில்லை. "அனுசரிச்சுப் போ" என்று சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, அடுத்து வர்ற பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். அதை உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஜெய்பீம்.