இரண்டாம் மாடியும் தரை டிக்கெட்டும்

(காலனி சமுதாயக்கூடச் சுவரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படம் திரையிட்ட இரவு பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, அம்மாமாரே, முன்னால பாய் விரிச்சிக் குந்தியிருக்கிற பிள்ளைங்களே,

படம் முடிஞ்சதும் ஒரு தம்பி வந்து கேட்டார்: "அண்ணே, அம்பேத்கர் படம் போடுவீங்கன்னு வந்தோம். செத்தவன் எழுந்து வந்து ஆளைத் தின்ற படத்தைப் போட்டுட்டீங்களே?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதிலாத்தான் இந்தப் பேச்சு. கொஞ்சம் சுத்தி வளைச்சிப் போகும், பொறுத்துக்கணும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்று ஒரு ஊர். புகையிலை ஊர். அங்கே கரோலினா தியேட்டர் என்று ஒரு சினிமா கொட்டகை. 1926 பிப்ரவரியில் திறந்தது. 2026 பிப்ரவரியோடு அதுக்கு வயசு நூறு. பெரிய கம்பெனிகளோட சங்கிலியில் சேராமல், லாப நோக்கில்லாத ஒரு அமைப்பு நடத்துகிற கொட்டகை அது. பழைய படங்களைத் தேடிப்பிடித்துப் போடுவதில் பேர் வாங்கினது. பழைய திகில் படங்களை ஒரே ராத்திரியில் இரண்டு இரண்டாகப் போடும், அதுக்கென்றே ஒரு கூட்டம் வரும். இந்த மாதிரிப் படங்களை அவங்க 'கல்ட்' படம் என்கிறார்கள். வெளிவந்தபோது பெரிய பத்திரிகைகள் சீந்தாத படமாக இருக்கும். ஆனால் ஒரு சிறு கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனமெல்லாம் மனப்பாடம் செய்து, கற்பூரம் காட்டாத குறையாகக் கொண்டாடும். இப்ப நாம பார்த்தது அந்த வகையில் தலையாய படம். இது மாதிரிக் கொட்டகைகள் ஆண்டு விழா என்று வந்தால் தேடி எடுக்கிற படம்.

அந்தக் கொட்டகையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நம்ம டெண்டு கொட்டாயைப் பத்திச் சொல்லியாகணும். இல்லன்னா நான் எதுக்கு ஏழு கடல் தாண்டிப் போறேன்னு விளங்காது.

1969 இல்ல 70 இருக்கும். எனக்கு ஒம்போது வயசு. எங்க நைனா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துல வேலை. வருசத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வருவார். வரும்போது வெள்ளைச் சட்டை, கையில வாட்சி. ஊருக்குக் கிழக்கே சோளக்கொல்லையில டெண்டு போட்டிருந்தாங்க. 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்திருந்துது. 1965ல் வந்த படம், எங்க கொட்டாய்க்கு அது அப்பத்தான் புதுப்படம். தரை, பெஞ்சு, சேர்னு மூணு டிக்கெட்டு. நைனா ரெண்டு சேர் டிக்கெட்டு வாங்கினார். டிக்கெட்டு குடுக்கிற ஆள் வெளியூர், அவருக்கு இவர் யாருன்னு தெரியாது. குடுத்துட்டார்.

உள்ள போயி உக்காந்தோம். முன் வரிசையில ஊர்த்தெரு ஆள் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். பேரு வேணாம். "ஏண்டா, உனக்கு மண்ணு பத்தலியா?"ன்னு கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேக்கலை, வெத்தலை பாக்கு இருக்கான்னு கேக்கிற மாதிரி கேட்டார். கொட்டாய் மேனேஜர் ஓடி வந்தார். பாக்கிக் காசைத் திருப்பிக் குடுத்தார், தரைக்குப் போகச் சொன்னார். நைனா காசை வாங்கலை. தரைக்கும் போகலை. என்னை மட்டும் மண்ணுல எங்க சனங்களோட உக்கார வச்சிட்டு, ஓரமா டெண்டு கம்பத்துல சாஞ்சி நின்னுட்டார். முழுப் படமும் நின்னுக்கிட்டே பார்த்தார். ரீல் மாத்தும்போதெல்லாம் லைட் போடுவாங்க இல்லையா, அப்பல்லாம் அந்த வெள்ளைச் சட்டை எல்லார் கண்ணுலயும் படும். பின்னாடியிருந்து "மறைக்குது, குந்துடா"ன்னு சத்தம். சத்தம் போட்டதுல எங்க பெரியப்பாவும் ஒருத்தர். அதை மறைக்காமச் சொல்லிடணும்.

திரையில எம்.ஜி.ஆர். சாட்டையை எடுத்து நம்பியாரை விளாசறார். கொட்டாயே விசிலடிக்குது. முன் வரிசையில "மண்ணு பத்தலியா"ன்னு கேட்டவரும் கை தட்டறார். வீட்டுக்கு வரும்போது வரப்புல நடந்துக்கிட்டே நைனா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "நம்பியாரு நல்லாச் செஞ்சிருக்கான்."

இதை ஏன் சொல்றேன்னா, பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ல் தமிழ் சினிமாவும் அரசியலும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான் என்று அதில் சொல்கிறார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி என்கிறார். நம் அறிவுத்துறையில் இது ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. யார் சினிமா பற்றி எழுதினாலும் முதல் பத்தியில் இது வந்துவிடும். சிவத்தம்பி மரியாதைக்குரியவர். கோயில் வாசலோடும் கூத்துக் களத்தோடும் ஒப்பிட்டால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்க நைனா கையில இருந்த அந்த டிக்கெட்டு. வாங்கும் சக்தி இருந்துது. வாங்கியும் ஆச்சு. உக்கார முடியலை.

இப்ப டர்ஹாமுக்குப் போவோம். அந்த ஊரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறுப்பர்கள் கையில் காசு இருந்த ஊர் அது. 1898லேயே கறுப்பர்கள் சேர்ந்து ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். 1908ல் சொந்தமாக வங்கி திறந்தார்கள். பாரிஷ் தெரு என்கிற அந்தக் கடைவீதிக்குக் 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்றே பேர். ஆனால் வங்கி வைத்திருந்தவரானாலும், புகையிலைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினவரானாலும், கரோலினா தியேட்டரில் படம் பார்க்க ஒரே இடம்தான். தனி வாசல், தனிப் படிக்கட்டு, பால்கனிக்கும் மேலே இன்னொரு பால்கனி. இரண்டாம் மாடி.

நம்மூர்ல பால்கனின்னா பெரிய மனுஷன் டிக்கெட்டு, மண்ணுதான் நமக்கு. அங்கே உச்சாணிதான் சேரி, கீழே மெத்தை நாற்காலி வெள்ளைக்காரனுக்கு. இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துது. மேலயா கீழயாங்கிறது கணக்கே இல்ல. எங்க இருந்தா உன் மூச்சுக்காத்து அவன் மேல படாதோ, அதுதான் உன் இடம்.

இன்னொன்று. அந்தக் கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். கறுப்பர் கட்டிய வரியும் சேர்ந்துதான் அந்தச் சொத்து. குத்தகைக்கு எடுத்து நடத்தினவர்களைக் கேட்டால் இது தனியார் தொழில் என்பார்கள். நகரசபையைக் கேட்டால் நாங்கள் குத்தகைக்கு விட்டுவிட்டோமே என்பார்கள். கிராமச் சாவடி, பொதுக்கிணறு விஷயத்துல பஞ்சாயத்தார் பேசற பேச்சு இந்தக் காலனிக்குப் புதுசில்ல.

1961ல் மாணவர்கள் வாசலில் அட்டை பிடித்து மறியல் தொடங்கினார்கள். கறுப்பர் கல்லூரிப் பிள்ளைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூட சில வெள்ளை மாணவர்கள். 1962ல் வேறொரு வழி எடுத்தார்கள். அதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

வரிசையில் நிற்பது. வேறொன்றும் இல்லை. ஒரு கறுப்பு மாணவி வரிசையில் நின்று டிக்கெட் ஜன்னலுக்கு வருகிறாள். "கீழ் டிக்கெட் ஒன்று" என்கிறாள். இல்லை என்கிறார்கள். அவள் சண்டை போடுவதில்லை. நேரே போய் அதே வரிசையின் கடைசியில் நின்றுகொள்கிறாள். அடுத்தவன் வருகிறான், கேட்கிறான், இல்லை என்கிறார்கள், அவனும் கடைசிக்குப் போகிறான். சக்கரம் மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. வரிசை குறைவதே இல்லை. நடுவில் மாட்டிய வெள்ளைக்காரக் குடும்பம் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிறது. உள்ளே படம் போட்டுவிடுகிறார்கள். கல் எறியவில்லை, கண்ணாடி உடையவில்லை. காசை நீட்டிக் கேட்கிற சாதாரண வாடிக்கையாளரின் காரியத்தை மட்டும் மறுபடி மறுபடி செய்தார்கள். வாங்கும் சக்தி, வாங்கும் சக்தி என்கிறீர்களே, இந்தா என்று ஜன்னலில் நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதிலேயே கதவு திறந்துவிடவில்லை. 1963 மே மாதம் ஊரே தெருவுக்கு வந்தது, ஆயிரக்கணக்கில் ஊர்வலம், நூற்றுக்கணக்கில் கைது. புதிதாக வந்த மேயர் பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். அந்த ஜூலையில் கரோலினா தியேட்டர் கறுப்பர்களுக்குக் கீழ்த்தளத்தைத் திறந்தது. முப்பத்தேழு வருசம் படி ஏறின பிறகு.

அதுக்கப்புறம் எல்லா ஊர்க் கொட்டகைக்கும் வந்த கதிதான். ஊருக்கு வெளியே கடைவளாகங்கள் வந்தன, கூட்டம் போயிற்று, 1970களின் கடைசியில் இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றினார்கள், பழுது பார்த்தார்கள். இன்றைக்குப் போனால், கொட்டகைக்குள்ளேயே இந்தத் தனி வாசல், இரண்டாம் மாடி, வரிசைப் போராட்டம் எல்லாவற்றையும் படத்தோடு ஒரு கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த ஊரில் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் கறுப்பருக்கு என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியும். ஆனால் தன் கொட்டகையில் யாரை எங்கே உட்கார வைத்தோம் என்பதைத் தன் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் அது நூறு வயதுக்கு வருகிறது.

நம் கொட்டகைகளின் விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். 1914ல் ரகுபதி வெங்கையா சென்னையில் கெயிட்டி கட்டினார், அதே காலத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார் என்று இருக்கும். 1952ல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிது என்று இருக்கும். எந்தப் படம் எத்தனை நாள், எந்த நடிகர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார் என்றெல்லாம் இருக்கும். அந்த ஆயிரக்கணக்கான இருக்கைகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை எழுப்பினார்கள் என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை. கெயிட்டியும் இப்ப இல்ல. தங்கமும் போயி அந்த எடத்துல துணிக்கடை வந்தாச்சு. யாரைப் போய்க் கேக்கிறது?

சரி, தம்பியோட கேள்விக்கு வர்றேன். இந்தப் படம் ஏன்?

1968 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்தில் முதலில் வெளிவந்தது. ஜார்ஜ் ரோமெரோ இயக்கினது. சின்னக் காசில், ஊர்க்காரர்களை வைத்து எடுத்த படம். பென் என்கிற நாயகன் கறுப்பன் என்று திரைக்கதையில் எழுதியிருக்கவில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாகச் செய்தார், எடுத்துக்கொண்டோம் என்றார் ரோமெரோ. படத்தில் ஒருவர் வாயிலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் வராது. கவனிச்சீங்களா? நிலவறைக்குள்ள போலாமா, மேலயே நிக்கலாமான்னு அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தலைவனோட சண்டை நடக்குதே, அங்க சொல்லாமலே எல்லாம் இருக்குது. ராத்திரி முழுக்க வீட்டைப் பலகை அடிச்சிக் காப்பாத்தறவன் அவன். மத்தவங்க எல்லாம் செத்து, அவன் ஒருத்தன்தான் பொழைக்கிறான். விடிஞ்சதும் துப்பாக்கியோட நாயைக் கூட்டிக்கிட்டு வர்ற ஊர்க்காரங்க, ஜன்னல்ல தெரியற உருவத்தைப் பார்த்து ஒரே சூடு. உயிரோட இருக்கிறவனா, செத்தவனான்னு ஒரு வார்த்தை கேக்கலை. கொக்கி மாட்டி இழுத்து எரிச்சிடறாங்க.

1968 ஏப்ரல் 4 ராத்திரி, முடிந்த படச்சுருளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகும்போது வானொலியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுவிட்ட செய்தி கேட்டோம் என்று ரோமெரோ பல தடவை சொல்லியிருக்கிறார். அவனைப் பிழைக்க வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது வேண்டாம் என்றவர் டுவேன் ஜோன்ஸ்தான். நடந்ததையெல்லாம் பார்த்த கறுப்பு மக்கள் ஒட்டவைத்த நல்ல முடிவை ஏற்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி.

நள்ளிரவுக் காட்சிகளில் இந்தப் படத்தை வருசக்கணக்கில் ஓடவைத்த கூட்டம் பெரும்பாலும் பேயைப் பார்க்க வந்த கூட்டம். விசில், கைதட்டல் எல்லாம் இருக்கும். எந்தக் கொட்டகையிலும் கடைசிக் குண்டு எல்லார் மேலயும் ஒண்ணாப் பாயறதில்ல. இரண்டாம் மாடிப் படியில ஏறி வளர்ந்தவர் 1968ல் கீழ்த்தளத்துல உக்காந்து இதைப் பார்த்திருந்தா என்ன பார்த்திருப்பார்னு யோசிச்சேன். நம்ம ஊருல, ராத்திரி பைக்ல போன பையனை விசாரிக்காமலே அடிச்சுட்டு அப்புறம் "திருடன்னு நெனச்சோம்"னு சொல்றதைக் கேட்டவங்க என்ன பார்ப்பாங்கன்னும் யோசிச்சேன். அதனாலதான் இங்க போட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்குது, சிரிக்காதீங்க. படத்தோட பேரைக் கடைசி நேரத்துல மாத்தினப்ப, புதுத் தலைப்போட உரிமைக் குறிப்பைப் போட மறந்துட்டாங்க. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. யாருக்கும் காசு கட்ட வேண்டாம், யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். அவங்களுக்குக் கோடிக்கணக்குல நட்டம். ஆனா அதனாலதான் ஊரு ஊராப் பரவிச்சு, நம்ம சுவர் வரைக்கும் வந்திருக்குது.

ஒரே ஒரு வேண்டுகோள். அறுபது வயசுக்கு மேல இருக்கிறவங்க, எந்தக் கொட்டாயில எங்க உக்காந்து என்ன படம் பார்த்தீங்கன்னு இந்தத் தம்பிங்ககிட்டச் சொல்லுங்க. எழுதிக்குவாங்க, பத்திரிகையில போடுவோம். பெரியப்பா மாதிரி "குந்துடா"ன்னு சத்தம் போட்டவங்களும் சொல்லலாம். எங்க நைனா கதையை நான் இன்னிக்குத்தான் நாலு பேர் முன்னாடி சொல்றேன்.

பிள்ளைங்க கடைசிப் பத்து நிமிசத்தை இன்னொரு தரம் கேக்குறாங்க. போடலாம். தம்பி, ஜன்னல்கிட்ட அவன் வர்ற இடத்துல இருந்து போடு. அந்த ஓரத்துல நிக்கிற பெரியவருக்கு ஒரு சேர் எடுத்துக் குடுங்கப்பா. லைட்டை அணைச்சிடலாம்.